டேப் பிடிக்கத் தெரிந்த கை: கால்நடை டெக்னீஷியனிலிருந்து ரீஹேப் வரை

ரீஹேப், அதாவது அறுவையோ காயமோ மூட்டு வலியோ வந்த விலங்கை மீண்டும் நன்றாக நடக்க வைக்கும் மறுவாழ்வுச் சிகிச்சை, அந்தப் பக்கம் போக நினைக்கும் கால்நடை டெக்னீஷியன்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சான்றிதழ் படிக்கலாம் என்பது. அடுத்தது, தண்ணீர் டிரெட்மில் (தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் நடைபெல்ட்) உள்ள இடத்தில் வேலை கிடைக்குமா என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ரீஹேப் அறையில் ஒரு வாரம் நின்று பார்த்தால், டெக்னீஷியனின் மதிப்பு வேறொரு இடத்தில் இருப்பது தெரியும். அறுவை செய்த மருத்துவர் இரண்டாம் வாரம் தையல் பிரிக்கும்போது நாயைப் பார்ப்பார். பிறகு எட்டாம் வாரம் எக்ஸ்ரேக்குப் பார்ப்பார். நடுவில் வாரம் இரண்டு முறை அந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பது டெக்னீஷியன். போன செவ்வாய்க்கும் இந்த வெள்ளிக்கும் என்ன மாறியது என்று சொல்லக்கூடியவர் அவர்தான். அதை எண்ணாகச் சொன்னால் மருத்துவர் முடிவெடுப்பார். "கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கு" என்று சொன்னால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

அதனால் அளக்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த வேலையின் முதல் படி. அதற்குச் சான்றிதழும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். இப்போது வேலை செய்யும் கிளினிக்கிலேயே தொடங்கலாம்.

அமெரிக்காவில் வழி எப்படி

அடித்தளம் டெக்னீஷியன் உரிமம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமான ஏ.வி.எம்.ஏ. அங்கீகரித்த படிப்பு, பெரும்பாலும் இரண்டு ஆண்டு. அதன் பிறகு வி.டி.என்.இ. தேசியத் தேர்வு: மூன்று மணி நேரம், 170 கேள்விகள், அவற்றில் 150-க்குத்தான் மதிப்பெண், மற்றவை சோதனைக் கேள்விகள். பிறகு மாநிலப் பதிவு. சில மாநிலங்களில் சி.வி.டி., சிலவற்றில் ஆர்.வி.டி. அல்லது எல்.வி.டி., டென்னசியில் எல்.வி.எம்.டி. என்று பெயர் மாறும். இந்தப் பதிவு இல்லாமல் உதவியாளராக மட்டும் இருப்பவரை ரீஹேப் சான்றிதழ்ப் படிப்புகள் பொதுவாக ஏற்பதில்லை. குறுக்கு வழி தேடி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

ரீஹேப் படிப்புகளில் பெரிதாகப் பேசப்படுபவை இரண்டு. டென்னசி பல்கலைக்கழகத்தோடு இணைந்த சி.சி.ஆர்.பி. திட்டத்தில் கால்நடை மருத்துவர், டெக்னீஷியன், மனிதர்களுக்கான பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் ஒரே பட்டத்துக்குப் படிக்கலாம். கேனைன் ரீஹேபிலிடேஷன் இன்ஸ்டிடியூட்டில் பட்டங்கள் பிரிந்திருக்கும்: மருத்துவருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் சி.சி.ஆர்.டி., டெக்னீஷியனுக்கு சி.சி.ஆர்.வி.என். இரண்டிலும் வீட்டிலிருந்து படிக்கும் பகுதி, நேரில் கைப்பயிற்சி, பயிற்சி பெற்றவரின் கீழ் கிளினிக் நேரம், தேர்வு எல்லாம் உண்டு. எது மேல் என்ற வாதத்துக்கு முடிவில்லை. என் கணிப்பில், கைப்பயிற்சி நாட்களில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் உருப்படியான ஒப்பீடு. முட்டியின் உள்ளே ஒரு தடை எப்படி உணரப்படும் என்பதை வீடியோ கற்றுத் தராது.

அதற்கும் மேலே டெக்னீஷியனுக்கான சிறப்புத் தகுதி, வி.டி.எஸ். ரீஹேப் துறையிலும் இருக்கிறது. வருடக்கணக்கில் அனுபவம், கேஸ் பதிவு, விரிவான கேஸ் அறிக்கைகள், தேர்வு எல்லாம் கேட்பார்கள். பலர் இடறுவது கேஸ் பதிவில். ரீஹேப் நோயாளியைத் தொடும் முதல் நாளிலிருந்தே தேதி, இனம், எடை, மருத்துவரின் நோய்க்கணிப்பு, நீங்கள் அளந்தது, நீங்கள் செய்தது, அதற்கு வேண்டிய திறன் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். மூன்று வருடம் கழித்து கம்ப்யூட்டரைத் துழாவி அதை மீட்டெடுக்க முடியாது. மருத்துவக் குறிப்பில் இருப்பது மருத்துவர் என்ன சொன்னார் என்பது. உங்கள் கை என்ன செய்தது என்பது அதில் இருக்காது.

மருத்துவர்களுக்கான விளையாட்டு மருத்துவ, ரீஹேப் சிறப்புப் பிரிவை ஏ.வி.எம்.ஏ. ஏற்றுக்கொண்டதே 2010-இல்தான். துறை இளையது. ஒரு மாநிலத்தில் டெக்னீஷியன் செய்யலாம் என்று இருப்பது அடுத்த மாநிலத்தில் மருத்துவர் பக்கத்தில் நின்றால்தான் செய்யலாம் என்று இருக்கும். உங்கள் மாநில வாரியத்தின் விதியை நீங்களே படித்துவிடுங்கள். எங்கும் மாறாத எல்லை ஒன்று உண்டு: நோயைக் கணிப்பது, எப்படி முடியும் என்று சொல்வது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது இந்த நான்கும் மருத்துவருக்கே. நடைமுறையில் இதன் பொருள், "மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) கிழிஞ்சிருக்கு" என்று வளர்ப்பவரிடம் சொல்லக்கூடாது. "நேற்று வரை ஊன்றிய காலை இன்று தூக்கி வைத்திருக்கிறது, முட்டியை மடக்கும்போது டக்கென்று ஒரு தட்டல் கையில் தெரிகிறது" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம்தான் மருத்துவருக்கு உதவும்.

அளவு எடுப்பது

தொடைச் சுற்றளவு எளிமையாகத் தோன்றும். ஆனால் அதிகம் பிழை வருவது அதில்தான். நுனியில் ஸ்பிரிங் உள்ள டேப் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இழுவிசையில் இழுக்க அதுதான் உதவும். தையற்காரர் டேப்பில் இழுப்பு கைக்குக் கை மாறும். நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். தொடை எலும்பின் மேல் குமிழிலிருந்து முட்டிவரை நீளம் எடுத்து, மேலிருந்து 70 சதவீதத் தூரத்தில் சுற்றளவு எடுப்பது பரவலான வழக்கம். தொடை நீளம் 20 செ.மீ. என்றால் 14 செ.மீ. புள்ளி. மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். கால் எந்தக் கோணத்தில் இருந்தது என்றும் எழுதுங்கள். மடங்கிய காலும் நீட்டிய காலும் ஒரே அளவு தராது. முடிந்தவரை ஒரே ஆள் அளக்க வேண்டும். மறுகாலையும் அளக்க மறக்கக்கூடாது. அறுவைக் கால் 1 செ.மீ. கூடியதாகத் தெரிந்து, மறுகாலும் 1 செ.மீ. கூடியிருந்தால் வளர்ந்தது தசையல்ல, நாய் குண்டாகிறது.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. அறுவைக்காக மழித்த கால் எட்டு வாரத்தில் ரோமம் வளர்ந்து தடிமனாகிவிடும். முதல் அளவு மழித்த தோலில், கடைசி அளவு அடர்ந்த ரோமத்தில் என்றால், இல்லாத தசையை டேப் காட்டும். குறிப்பில் "மழித்தது" அல்லது "ரோமத்தோடு" என்று ஒரு சொல் போதும்.

மூட்டுக் கோணத்துக்குப் பிளாஸ்டிக் கோனியோமீட்டர், அதாவது இரண்டு கரங்கள் உள்ள கோணமானி, போதும். பின்னங்கால் முட்டிக்கு, நடுப்புள்ளி முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில். கருவியின் ஒரு கரம் தொடை எலும்பின் மேல் குமிழை நோக்கி, மறுகரம் கணுவின் வெளிமுனையை நோக்கி. ஆரோக்கியமான லாப்ரடார்களில் எடுத்து 2002-இல் வெளியான அளவுகளின்படி, முட்டி மடங்கும்போது சுமார் 42 டிகிரி, நீளும்போது சுமார் 162. இடுப்பு 50, 162. முழங்கை 36, 165. எண் சிறிதானால் அதிகம் மடங்குகிறது என்று பொருள். இதைப் புதியவர்கள் தலைகீழாக எழுதிவிடுவார்கள். மற்ற இனங்களில் எண்கள் மாறும் என்பதால், நோயாளியின் மறுகாலை அளவுகோலாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

நிற்கும்போது எடை எப்படிப் பகிர்கிறது என்று பார்க்க விலையுயர்ந்த அளவுத் தளம் இல்லாவிட்டாலும் ஒரே உயரமுள்ள சாதாரணத் தராசுகளை வைத்து ஓரளவு பார்க்கலாம். நல்ல நிலையில் முன்கால்கள் ஒவ்வொன்றும் உடல் எடையில் 30 சதவீதம், பின்கால்கள் ஒவ்வொன்றும் 20 சதவீதம் தாங்கும். 25 கிலோ நாய் என்றால் பின்கால் ஒன்றுக்கு 5 கிலோ. அதில் 2 கிலோதான் காட்டுகிறது என்றால் வளர்ப்பவருக்கும் அந்தக் கணக்கு சட்டெனப் புரியும். ஒரு எச்சரிக்கை: தின்பண்டத்தை உயரத் தூக்கிக் காட்டினால் தலை மேலே போகும், எடை பின்னுக்குச் சாயும், அளவு பொய்யாகும். நாயின் மூக்கு நேராக முன்னால் பார்க்கட்டும்.

நடையைப் பார்க்கும்போது நடையும் வேண்டும், மெல்லிய ஓட்டமும் வேண்டும். முன்னிருந்து, பின்னிருந்து, பக்கத்திலிருந்து. முன்கால் வலித்தால் வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது தாழும். பின்கால் வலித்தால் அந்தப் பக்க இடுப்பு கூடுதலாகத் தூக்கும். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் பயனில்லை. கேமரா நாயின் இடுப்பு உயரத்துக்கு இறங்க வேண்டும்.

வலிக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அறுவைக்குப் பிந்தைய கடும் வலிக்கு, நாயின் நடத்தையைப் பார்த்து மதிப்பெண் போடும் கிளாஸ்கோ வலி அளவுகோலின் குறுவடிவம் நன்றாகப் பயன்படும்: மொத்தம் 24, 6 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி மருந்து பற்றி மருத்துவரிடம் பேசியாக வேண்டும். நடக்க முடியாத நாய்க்கு 20-க்கு 5. நாள்பட்ட மூட்டு வலிக்கு அது பொருந்தாது; அங்கே வளர்ப்பவர் நிரப்பும் கேனைன் பிரீஃப் பெயின் இன்வென்டரி போன்ற கேள்வித்தாள்தான் சரி. வலியோடு இருக்கும் விலங்குக்கு உடற்பயிற்சி கொடுத்துப் பயனில்லை. பயிற்சி பலிக்கவில்லை என்று சலித்துக்கொள்ளும் இடங்களில் பாதிக்கு மேல், வலி அடங்காததுதான் காரணமாக இருக்கும்.

கருவியில்லாத முதல் வருடம்

உங்கள் கிளினிக்கில் எலும்பு அறுவை நடந்தால் போதும். மருத்துவரிடம் ஒரே ஒரு வகை அறுவைக்கு மட்டும், உதாரணமாக முட்டி அறுவைக்கு, எழுத்தில் ஒரு ஒழுங்கு கேளுங்கள். முதல் மூன்று நாள் ஐஸ், மெல்லிய ஈரத்துணி சுற்றி 10 முதல் 20 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியை விலக்கித் தோலைப் பார்த்து. பிறகு மூட்டை அசைத்துக் கொடுப்பது: 10 முதல் 15 முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. ஒரு கை மூட்டுக்கு மேலே, மறுகை கீழே, இரண்டும் மூட்டுக்கு நெருக்கமாக. பாதத்தைப் பிடித்து இழுத்தால் நெம்புகோல் நீளமாகி, நீங்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு விசை மூட்டில் விழும். தலையைத் திருப்பிப் பார்ப்பது, உதட்டை நக்குவது, மூச்சை நிறுத்துவது, தசை விறைப்பது இவை வந்த இடத்துக்குச் சற்று முன்னால்தான் உங்கள் எல்லை. கத்தும் வரை போனால் நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். அடுத்த முறை அந்த நாய் காலைத் தராது.

எடைக் குறைப்பையும் கையில் எடுங்கள். கவர்ச்சியில்லாத வேலை, ஆனால் மூட்டுத் தேய்மானத்தில் வேறெந்தக் கருவியும் இதற்கு ஈடில்லை. குண்டான நாய்கள் எடையில் சுமார் 6 சதவீதம் குறைந்ததிலேயே நொண்டல் குறைந்ததை 2010-இல் வந்த ஆய்வு காட்டியது; 30 கிலோ நாய்க்கு அது 2 கிலோகூட இல்லை. இதில் ஒரு முரண் உண்டு. ரீஹேப் அறையில் நாம்தான் தின்பண்டத்தை வாரி இறைப்போம். அன்றைய உணவிலிருந்து எடுத்து வைத்ததையே பரிசாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்

தண்ணீர் டிரெட்மில்லில் எல்லாரும் முதலில் கற்க வேண்டியது மட்டம். தண்ணீர் கணுவளவு இருந்தால் நாய் தன் எடையில் சுமார் 91 சதவீதத்தைத் தாங்கும். முட்டியளவு என்றால் 85. இடுப்பளவு என்றால் 38. முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் பெரிய இறக்கம். "பாதிக் கால் மறைந்துவிட்டதே, எடை பாதியாகியிருக்கும்" என்று நினைப்பது தவறு. வலிக்கும் மூட்டுக்குச் சுமை குறைக்க வேண்டுமானால் இடுப்பளவு. மூட்டை நன்றாக மடக்க வைக்க வேண்டுமானால் அந்த மூட்டின் உயரத்துக்குத் தண்ணீர். தண்ணீரைத் தாண்டிக் காலைத் தூக்க நாய் முயலும். அதிகம் நிரப்பினால் மிதக்கும், கால் பெல்ட்டில் சரியாக ஊன்றாது.

வெப்பம் 28 முதல் 32 டிகிரி செல்சியஸ். மூட்டு வலிக்கார முதிய நாய்க்கு மேல் எல்லை இதம். வலுவுக்காக வேகமாக நடக்கும் இளம் நாய்க்கு அதே வெப்பம் களைப்பைக் கொண்டுவரும்.

முதல் நாள் நடையைவிடப் பழக்கம்தான் முக்கியம். ஈரமில்லாத தொட்டிக்குள் நடத்தி வெளியே கொண்டுவாருங்கள். பிறகு கதவை மூடித் திறங்கள். பிறகு நாய் உள்ளே நிற்க, மெல்ல நிரப்புங்கள். ஹார்னஸ் அணிந்திருக்க வேண்டும். முதல் முறை உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். பெல்ட்டை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று முறை. அவ்வளவுதான் முதல் நாள். வளர்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். முதல் நாளே பத்து நிமிடம் நடத்தி மறுநாள் நாய் எழவில்லை என்றால் ஏமாற்றம் அதைவிடப் பெரிதாக இருக்கும். அடுத்தடுத்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நேரம், வேகம், மட்டம் மூன்றில் ஒன்று. மூன்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டு மறுநாள் நொண்டினால் எதனால் என்று சொல்ல முடியாது.

நாய்கள் ஏமாற்றும் விதங்களும் உண்டு. பெல்ட்டுக்கு இருபுறமும் உள்ள ஓரத்தில் கால் வைத்து நிற்கும். கண்ணாடியில் சாய்ந்துகொண்டு வலிக்கும் காலைச் சும்மா ஆட்டும். பின்னுக்குப் போய் முன்கால்களால் மட்டும் இழுக்கும். தின்பண்டம் மூக்கு உயரத்தில் நேர் எதிரே இருந்தால் பாதி சரியாகும். மீதிக்கு உள்ளே இறங்கி இடுப்பைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். வால் தாழ்வது, பாதம் உரசுவது, முதுகு வளைவது, நாக்கு அகன்று நுனி மேலே மடிவது இவை களைப்பின் குறி. அந்த இடத்தில் நிறுத்துங்கள், கடிகாரம் என்ன சொன்னாலும்.

தண்ணீரில் இறக்கக்கூடாதவை: ஆறாத புண் அல்லது தையல், வயிற்றுப்போக்கு, தோல் தொற்று, காய்ச்சல், கட்டுக்குள் வராத இதய நோய் அல்லது வலிப்பு. குரல்வளை வாதம் உள்ள முதிய பெரிய நாய்களிடம் தனிக் கவனம். மூச்சு இழுக்கும்போது கரகரப்பும் மாறிய குரைப்பும் தெரிந்தால் இறக்குவதற்கு முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தண்ணீரில் பதறினால் அந்த மூச்சுக்குழாய் நேரம் தராது.

பிறகு யாரும் விரும்பாத வேலை, தண்ணீர்ச் சோதனை. தினமும் முதல் நோயாளிக்கு முன்பும் நடுப்பகலிலும். பி.எச். 7.2 முதல் 7.8, கட்டற்ற குளோரின் (இன்னும் கிருமியைக் கொல்லும் திறனோடு இருக்கும் குளோரின்) 1 முதல் 3 பி.பி.எம்.; காரத்தன்மை 80 முதல் 120. சரிசெய்யும் வரிசை: முதலில் காரத்தன்மை, பிறகு பி.எச்., கடைசியில் குளோரின். பி.எச். ஏறிவிட்டால் குளோரின் எண்ணில் இருக்கும், கிருமியைக் கொல்லும் வேலையில் இருக்காது. "குளோரின் வாடை அதிகம், கொஞ்சம் குறைக்கலாம்" என்பது வழக்கமான தவறு. அந்த வாடை பெரும்பாலும் ரோமம், எச்சில், சிறுநீரோடு சேர்ந்து வேலை தீர்ந்துபோன குளோரினுடையது. மொத்தக் குளோரினிலிருந்து கட்டற்றதைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் தேவை அதிர்ச்சி அளவு மருந்து, அதாவது ஒரே முறையில் கூடுதலாகக் குளோரின் போடுவது, குறைப்பதல்ல. அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடத் தொடவிடாதீர்கள். நச்சு வாயு வரும். நாயை இறக்குவதற்கு முன் குளிப்பாட்டிச் சீவினால் வடிகட்டியும் பிழைக்கும், தண்ணீரும் பிழைக்கும்.

மற்றக் கருவிகள், சுருக்கமாக

வலிக்குக் கொடுக்கும் லேசர் சிகிச்சையில் கணக்கு எளிது, ஆனால் போடுபவர்கள் குறைவு. 10 க்கு 10 செ.மீ. பரப்பு என்றால் 100 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 8 ஜூல் என்று மருத்துவர் எழுதினால் மொத்தம் 800 ஜூல். 4 வாட்டில் 200 நொடி. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு "லேசர் கொடுத்தோம்" என்று எழுதினால் பாதிக்குச் சற்று மேல்தான் கொடுத்திருக்கிறோம். 0.5 வாட்டுக்கு மேற்பட்டவை நான்காம் வகுப்பு, அவை சூடாக்கும். கருத்த ரோமம் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் வாட்டைக் குறைத்து, கையை நிறுத்தாமல் நகர்த்துங்கள். அறையில் உள்ள எல்லாருக்கும், நாய்க்கும், அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி வேண்டும். கட்டி, கண், சினை வயிறு இவற்றின் மேல் கூடாது.

அல்ட்ராசவுண்ட் சிகிச்சையில் 1 மெகாஹெர்ட்ஸ் ஆழத்துக்கு, 3 மெகாஹெர்ட்ஸ் மேலோட்டத்துக்கு. ரோமத்தை மழிக்காமல் கொடுத்தால் ரோமம்தான் சூடாகும். தசை மின்தூண்டலுக்கும் மழித்தாக வேண்டும். தூண்டும் நேரத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு ஓய்வு விடாவிட்டால் தசை சில நிமிடத்தில் களைத்துவிடும்.

தவறு நடக்கும் இடங்கள்

நான்கைந்து மாதக் குட்டி, முட்டிக்கு அருகே தொடை எலும்பு முறிவு. இந்தக் கேஸ் வந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். தொடையின் முன்தசை எலும்போடு ஒட்டிக்கொண்டால் கால் நேராக விறைத்து, முட்டி மடங்காத கம்பாகிவிடும். சில வாரங்களில் நடந்துவிடும். நடந்தபின் மீட்பது மிகக் கடினம். தினமும் மடக்கும் கோணத்தை எழுதுங்கள். நேற்று 60 டிகிரி வரை மடங்கியது இன்று 75-இல் நின்றால், தசை கயிறு போலக் கையில் தட்டினால், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த வாரச் சந்திப்புக்கு வைக்கும் செய்தியல்ல அது.

தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்த நாய்க்கு இதற்கு நேர்மாறான தவறு நடக்கும்: "ஓய்வில் இருக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அங்கே புதிதாக உருவாவது தழும்புத் திசுவாலான மூட்டு. அசைத்தால்தான் அசையும் மூட்டாக உருவாகும். வலி மருந்தோடு முதல் சில நாட்களிலேயே அசைக்கத் தொடங்க வேண்டும். முதலில் இழப்பது இடுப்பைப் பின்னுக்கு நீட்டும் அசைவு. இரண்டு வாரமாகியும் விரல் நுனிகூடத் தரையில் படவில்லை என்றால் காத்திருக்கக்கூடாது.

சிலுவைத் தசைநார் அறுந்து எலும்பைத் திருப்பி பிளேட் போடும் டி.பி.எல்.ஓ. அறுவையில் பிரச்சினை வேறு விதம். நாய்க்கு இரண்டாம் மூன்றாம் வாரமே நன்றாக இருக்கும். ஆனால் எலும்பு ஒட்டிச் சேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வளர்ப்பவர் கயிற்றை அவிழ்ப்பது இந்த இடைவெளியில்தான். முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் தடித்து, அழுத்தினால் வலிப்பதும் இந்தக் காலத்தில் வரும்; மேட்டு நடையையும் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் சீக்கிரமே கூட்டியது பெரும்பாலும் காரணம். நன்றாக ஊன்றி வந்த நாய் திடீரெனக் காலைத் தூக்கினால், அன்றைய பயிற்சி ரத்து, மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். சமாதானம் சொல்லிக்கொண்டு மெல்ல நடத்திப் பார்க்க வேண்டாம்.

முதுகெலும்புத் தட்டு தண்டுவடத்தை அழுத்தும் நோயில் பின்கால் செயலிழந்த நாய்க்கு, பயிற்சிக்கு முன் கவனிக்க வேண்டியது சிறுநீர்ப்பை. ஆறு முதல் எட்டு மணிக்கு ஒருமுறை காலியாக வேண்டும். "தூக்கும்போது தானாகவே போய்விடுகிறது" என்று வளர்ப்பவர் மகிழ்ச்சியாகச் சொல்வது பல நேரம் நிரம்பி வழிவதுதான். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். காலியான பிறகு, நான்கு பாதமும் சரியாக ஊன்றியிருக்க மூன்று முதல் ஐந்து நிமிடம் தாங்கி நிறுத்துவது, பாதத்தின் மேற்புறம் தரையில் படாமல் பார்ப்பது. முதல் வாரத்தில், முதுகுத் தோலைக் கிள்ளினால் அது சுருங்கும் எல்லைக் கோடு தலைப் பக்கம் நகர்ந்தாலோ, முன்கால் தளர்ந்தாலோ அது அவசரம்.

முதிய நாய்களுக்கு வரும் தண்டுவடச் சிதைவு, டி.எம்., குணமாகாது. ஆனால் 22 நாய்களை வைத்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவை சராசரி 255 நாள், மிதமானது பெற்றவை 130, பெறாதவை 55 நாள் வாழ்ந்தன. சிறிய ஆய்வு, அக்கறையுள்ள வளர்ப்பவரின் நாய்க்கே பயிற்சியும் கிடைத்திருக்கும் என்ற சந்தேகமும் நியாயமானது. இருந்தாலும் "செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பும் இடத்தில் இந்த எண்ணை மருத்துவரின் மேசையில் வைக்கலாம்.

பூனைக்கு இவை எல்லாம் பாதி நேரத்தில். ஐந்து நிமிடம் ஒத்துழைத்தால் அது நல்ல நாள். படுக்க வைத்துப் பிடிக்க முயல்வதைவிட, விளையாட்டுக் கோலை உயர்த்தி முன்கால் தூக்க வைத்தால் பின்காலில் எடை தானாக விழும்.

வீட்டுப் பாடமும் உங்கள் முதுகும்

வீட்டில் செய்ய மூன்று பயிற்சிக்கு மேல் கொடுக்காதீர்கள். எட்டு எழுதிக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. நீங்கள் செய்து காட்டிய பிறகு, வளர்ப்பவரை உங்கள் கண்முன் செய்யச் சொல்லி, அவர் போனிலேயே அதை வீடியோ எடுத்துக் கொடுங்கள். உட்கார்ந்து எழும் பயிற்சியில் வீட்டில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றேதான்: நாய் வலிக்கும் காலைப் பக்கவாட்டில் நீட்டிச் சாய்ந்து உட்காரும். வலிக்கும் கால் சுவரை ஒட்டி இருக்கும்படி, மூலையில் உட்கார வைக்கச் சொன்னால் சரியாகும்.

இந்த வேலையில் முதலில் போவது உங்கள் முதுகும் கட்டை விரல் மூட்டும். 20 கிலோவுக்கு மேல் இரண்டு பேர் தூக்குங்கள். நாய் நிற்கும் உயரத்துக்கு நீங்கள் சிறு முக்காலியில் இறங்குங்கள். முட்டிக்கு மெத்தை கட்டுங்கள். மசாஜில் விரல் நுனியை விட்டு உள்ளங்கையையும் முழங்கையையும் பயன்படுத்துங்கள். பிறருக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் ஆள் நொண்டி நடப்பதைப் பல அறைகளில் பார்க்கலாம்.

வேலைக்கு நேர்காணல் போகும்போது தொட்டியைப் பார்த்து மயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். ரீஹேப் படித்த மருத்துவர் கட்டடத்தில் எந்த நாட்களில் இருப்பார்? ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், அதில் குறிப்பெழுத எத்தனை? தண்ணீர்ச் சோதனைப் பதிவேட்டைப் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு, மூலை நனைந்து, தேதி விடாமல் எழுதிய ஒரு நோட்டை எடுத்துக் காட்டினால் அந்த இடத்தில் சேரலாம்.